சபீனுக்குக் குறைந்த பன்னிரண்டு புள்ளி

என் தங்கை சபீன் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் எங்கள் குடும்பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அவள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய நாளில் எடுத்த படத்தில் நாங்கள் எல்லோரும் கோயில் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஓரத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல் தெரியும். அதுதான் அவள். படமெடுத்தவர் மூன்று முறை முயன்றுவிட்டு, போதும் என்று பெட்டியை மூடிவிட்டாராம்.

நான் ஒடில். அவளைவிட ஐந்து வயது மூத்தவள். அப்பா மீன்பிடிக் கப்பலில் இருந்ததால் மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அம்மாவுக்கு மூட்டு வலி. ஆகவே சபீனைத் தேடி எங்கள் ஊரான பூலோன் துறைமுகத்தில் சந்து சந்தாக அலைவது என் வேலையாக இருந்தது. கூப்பிட்டால் உடனே வருவாள். வந்த வேகத்தில் திரும்பவும் போய்விடுவாள்.

பதினெட்டு வயதில் பள்ளி இறுதித் தேர்வு எழுதப் போனாள். பாக் என்று எல்லோரும் சொல்வோமே, அது. கணிதத் தாள் அன்று, தொடங்கி ஒரு மணி நேரம் ஆகும்வரை யாரும் அறையைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. ஒரு மணி நேரம் ஆனது. சபீன் எழுந்தாள், தாளை மேஜைமேல் வைத்தாள், போய்விட்டாள். மீதித் தேர்வுகளுக்கும் போகவில்லை. வாசலில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளோடு நின்றான் என்றார்கள். கண்காணிப்பாளரோடு சண்டை என்றார்கள். அவள் எதையும் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அப்பா அதற்குப் பிறகு சாகும்வரை ஒரே நக்கலை வைத்துக்கொண்டிருந்தார். உப்பு எடுக்கச் சாப்பாட்டு மேஜையிலிருந்து அவள் எழுந்தால்கூட, "இருடி, ஒரு மணி நேரம் ஆகட்டும்" என்பார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

அப்புறம் அவள் பார்த்த வேலைகளை வரிசைப்படுத்த என்னாலேயே முடியாது. முடி திருத்தும் கடை, டோவருக்குப் போகும் கப்பலில் அறை துடைப்பது, ரொட்டிக்கடை, செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். நடுவில் இரண்டு வருஷம் ஒரு கல்யாணமும் வந்து போனது. முப்பத்தொன்பதாவது வயதில், நான் இருபது வருஷமாக வேலை செய்கிற மீன் ஆலையில் என் மேஜைக்கே வந்து சேர்ந்தாள். வெள்ளை ரப்பர் பூட்ஸ், முழங்கால்வரை தொங்கும் கவசத் துணி, கையில் மெல்லிய கத்தி. முள்ளை விட்டுச் சதையைச் சீவ வேண்டும். எட்டு மணி நேரம் ஈரத் தரையில் ஒரே இடத்தில் நிற்கிற வேலை அது. சபீனுக்குக் கை வேகம் உண்டு. ஆனால் கால்? மேஜைக்கடியில் அவள் கால் தாளம் போடுவது என் இடுப்புக்குத் தெரியும்.

2015-ஆம் ஆண்டு கோடையில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். தரம் பார்க்கும் ஆள் அடுத்த ஆண்டு முடிவில் ஓய்வு பெறுகிறார். ஆலைக்குள்ளேயே யாராவது வரலாம். பாக் தேறியிருக்க வேண்டும்.

"அக்கா, அந்த ஆளு ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கறார்னு தெரியுமா?" என்றாள் சபீன், கானாங்கெளுத்தியின் வயிற்றைக் கீறிக்கொண்டே.

"எனக்கெதுக்கு அது?"

"நான் கேட்டேன். பதினோரு கிலோமீட்டர். ஐஸ் அறை, இறக்குற மேடை, லாரி, திரும்பவும் ஐஸ் அறை. கையில ஒரு தெர்மாமீட்டர். யாரும் நில்லுன்னு சொல்லமாட்டாங்க."

"அதுக்குப் பாக் வேணும்டி."

"எழுதறேன்."

"நீயா?" என்றேன். அந்த ஒரு சொல்லை நான் எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அஞ்சல் வழியாகப் பாடம் வந்தது. செங்கல் கனத்தில் கட்டுக் கட்டாக. அவள் எதையும் உட்கார்ந்து படிக்கவில்லை. தாள்களைப் பிரித்துச் சமையலறைச் சுவரில், குளிர்பெட்டிக் கதவில், கழிப்பறைச் சுவரில், மாடிப்படி ஓரத்தில் ஒட்டினாள். வரலாறு மாடிப்படியில். பொருளாதாரம் சமையலறையில். கணிதம் நடைவழியில், ஏனென்றால் அங்கேதான் அதிக நீளம் நடக்கலாம். நான் ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கப் போனால் அவள் நடந்துகொண்டே பேசுவாள்; கழுத்தைத் திருப்பித் திருப்பி எனக்கு வலிக்கும்.

ஜூன் மாதத் தேர்வுகளை முழுசாக எழுதி முடித்தாள். ஒரு மதுபுட்டித் தக்கையை மேஜைக்கடியில் போட்டு உள்ளங்காலால் உருட்டிக்கொண்டே இருந்தாளாம். நாற்பத்து மூன்று வயதில், சுற்றிலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். பக்கத்து மேஜைப் பெண் அவளைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து, "மதாம், இன்னொரு தாள் வேணும்" என்று கேட்டுவிட்டாள்.

ஜூலை ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முடிவு வந்தது. தனியாகப் போகமாட்டேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பள்ளி முற்றத்தில் பலகைகள், பலகைகளில் பட்டியல்கள், அவற்றின் முன்னால் கூச்சலும் அழுகையும். யாரோ ஒரு தாய் மகனைக் கட்டிக்கொண்டு அவன் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சபீன் பலகைக்கு அருகே போகாமல் முற்றத்தைச் சுற்றிக்கொண்டே இருந்ததால் நான்தான் போய்ப் பார்த்தேன். தெல்பியேர், சபீன். பெயருக்கு எதிரே 'தேர்ச்சி' என்று இல்லை. 'தோல்வி' என்றும் இல்லை. இரண்டாம் சுற்று என்று இருந்தது.

கொஞ்சம் புள்ளி குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தருகிற இன்னொரு வாய்ப்பு அது. இரண்டு பாடங்களைத் தேர்ந்தெடுத்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். எழுத்துத் தேர்வைவிட அதிகம் வாங்கினால் அதிகத்தையே எடுத்துக்கொள்வார்கள். தேர்ச்சிக்குச் சபீனுக்குப் பன்னிரண்டு புள்ளி குறைந்தது. கணிதத்தில் இருபதுக்கு ஐந்து எடுத்திருந்தாள். தத்துவத்தில் ஏழு. இந்த இரண்டையும்தான் தேர்ந்தெடுத்தாள்.

"கணக்குல ஒரு மார்க்குக்கு அஞ்சு புள்ளி," என்றாள். விரலை மடக்கிக்கொண்டே நடந்தாள். "மூணு மார்க் ஏறினா பதினஞ்சு. எட்டு எடுத்தா போதும் அக்கா. இருபதுக்கு எட்டு."

"சரி, உட்காரு. ஒரு காபி குடி."

"தத்துவம் நாளைக்கு. கணக்கு வியாழக்கிழமை பதினொண்ணு பத்துக்கு. ரெஜிஸ் எங்க?"

ரெஜிஸ் என் கணவர். கப்பல்களில் மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் ஒலிக்கருவிகளைப் பழுது பார்ப்பவர். சபீனை அவளுடைய பன்னிரண்டு வயதிலிருந்து பார்க்கிறார். இருவருக்கும் இடையே மரியாதை என்ற ஒன்று என்றைக்கும் இருந்ததில்லை. அன்று பிற்பகல் அவர் ஒரு கப்பலின் ஓட்டுநர் அறையில் கருவியைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் ஏறி உள்ளே போனதும் அங்கே திரும்பக்கூட இடமில்லை.

"அஞ்சு மார்க்கா?" என்றார் ரெஜிஸ். "அஞ்சு வாங்க எதுக்குடி ஒரு வருஷம் சுவத்துல பேப்பர் ஒட்டினே?"

"ஒரே ஒரு தப்புதான். ஆனா பெரிய கணக்குல. மொத்தமும் அது மேலதான் நிக்குது." அவள் கசங்கிய வினாத்தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "லாகரிதம் இருக்குல்ல, அந்த லாக்குக்குள்ள போற நம்பர் ப்ளஸ்ஸாத்தான் இருக்கணும். அது சட்டம். சரியா?"

"சரி."

"உள்ள போறது ப்ளஸ்னா வெளிய வர்றதும் ப்ளஸ்தானே? நான் அப்படித்தான் எழுதினேன். லாக் எப்பவும் ப்ளஸ்னு. அதுக்கப்புறம் எழுதின எல்லாத்தையும் சிவப்பு மையில அடிச்சிட்டாங்க போலிருக்கு."

ரெஜிஸ் திருப்புளியைக் கீழே வைத்தார். "யாரை உள்ள விடறதுங்கறது வேற விஷயம். உள்ள போனவன் மாடிக்குப் போறானா, பாதாள அறைக்குப் போறானாங்கறது வேற விஷயம். ரெண்டையும் ஏன் சேத்துக் குழப்பறே?"

"புரியல."

"இந்தத் திரையைப் பாரு. இங்கிருந்து கீழே ஒரு சத்தம் அனுப்பறேன். தரையில பட்டுத் திரும்பி வருது. வர்ற சத்தம் அனுப்பினதுல நூத்துல ஒரு பங்குகூட இருக்காது. அந்தப் பங்குக்கு லாக் எடுத்துத்தான் இதுல நம்பர் காட்டுறாங்க. என்ன நம்பர்?"

"மைனஸ் நாப்பது."

"மைனஸ்னா சத்தமே இல்லன்னு அர்த்தமா?"

"இல்ல. இருக்கு. கொஞ்சமா இருக்கு."

"அவ்வளவுதான். அனுப்பின அளவே திரும்பி வந்தா பங்கு ஒண்ணு. ஒண்ணோட லாக் சைபர். ஒண்ணைவிட அதிகம்னா ப்ளஸ். ஒண்ணைவிடக் கம்மின்னா மைனஸ். சைபரும் அதுக்குக் கீழயும் உள்ளயே விடமாட்டாங்க."

அட்டைப்பெட்டி மூடியைத் திருப்பி, ஒரு கணக்கு எழுதினார். எக்ஸை இரண்டால் பெருக்கி, ஐந்தைக் கழித்து, அதற்கு லாக். எங்கே ப்ளஸ், எங்கே மைனஸ்? சபீன் அந்த ஓரடி இடத்தில் முன்னும் பின்னுமாக அசைந்தபடி சொன்னாள்: "உள்ள இருக்கறது சைபரைவிட அதிகமா இருக்கணும், அப்ப எக்ஸ் ரெண்டரைக்கு மேல. உள்ள இருக்கறது ஒண்ணாகணும்னா எக்ஸ் மூணு. மூணுல சைபர். ரெண்டரைக்கும் மூணுக்கும் நடுவுல மைனஸ். மூணுக்கு மேல ப்ளஸ்."

"பாத்தியா? மண்டையில ஏதோ இருக்கு."

நானே கை தட்டினேன். ஆனால் கால் மணி நேரம் கழித்து அவர் இன்னொரு கணக்கு கொடுத்தபோது, திரும்பவும் அதே இடத்தில் விழுந்தாள். 'சைபருக்குக் கீழே மைனஸ்' என்று எழுதினாள். அங்கே லாக்கே கிடையாது என்பதை மறந்துவிட்டாள். மூன்றாவது கணக்கிலும் அதே. ரெஜிஸுக்குப் பொறுமை எப்போதுமே கம்மி. கருவியை மாலைக்குள் பூட்டியாக வேண்டும், கப்பல் விடிந்தால் கிளம்புகிறது.

"உன் தலைக்குள்ள ஐஸ்தான்டி இருக்கு. மீன் மேல கொட்டற ஐஸ். நீ நின்னு ஒரு நிமிஷம் ஒரு விஷயத்தைப் பாத்தாத்தானே அது உன் தலைக்குள்ள போகும்?"

சபீன் அட்டையைச் சுருட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

"எங்கடி போறே?"

"நடக்கப் போறேன்."

"நாளைக்குத் தேர்வு. வீட்டுக்கு வா. சாப்பிடு. படி."

"முடியாது. நெஞ்சுக்குள்ள என்னமோ ஓடிட்டே இருக்கு. உக்காந்தா வெடிச்சிடும்."

எனக்கும் காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. வேலைக்கு அரைநாள் விடுப்பு சொல்லியிருந்தேன். ரெஜிஸ் வேறு மேலேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். எரிச்சலில் என் வாய் தானாகச் சொன்னது: "இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகலையேடி!"

அவள் நின்றாள். அவள் முழுசாக நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். என்னைப் பார்த்துவிட்டு, கலங்கரை விளக்கம் பக்கமாகப் போய்விட்டாள்.

அன்று இரவும் மறுநாள் முழுதும் அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. புதன்கிழமை நான் மேஜையில் நிற்கையில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. கத்தி இரண்டு முறை என் கையுறையைக் கிழித்தது. தத்துவத் தேர்வுக்குப் போனாளா என்பதே எனக்குத் தெரியாது. அப்பாவின் நக்கலை அப்பா இறந்து ஒன்பது வருஷம் கழித்து எடுத்து வீசியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு ஐந்து செய்தி அனுப்பினேன். கடைசிச் செய்தியில் மன்னிப்பைவிடத் திட்டு அதிகமாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை ஒருத்தியோடு முறையை மாற்றிக்கொண்டு, பத்து மணிக்கே பள்ளிக்குப் போனேன். அவள் வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வராவிட்டால் அங்கே நின்று என்ன செய்வது என்றும் யோசிக்கவில்லை. ஆனால் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நீல மழைச்சட்டை போய்க்கொண்டிருந்தது. மரம், தண்ணீர்க் குழாய், சைக்கிள் நிறுத்தம், திரும்பவும் மரம். நானும் கூடவே நடந்தேன். ஒரு முழுச் சுற்று.

"தத்துவம்?" என்றேன்.

"ஆறு. இருந்ததைவிட ஒண்ணு கம்மி. பழைய ஏழுதான் நிக்கும். அதுல ஒண்ணும் ஏறல."

"அப்ப எல்லாமே கணக்குலதான்."

"ம்."

"சபீன், நான் அன்னைக்குச் சொன்னது..."

"விடு."

இன்னொரு சுற்று. இருபத்தைந்து வருஷமாக நான் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன். "அன்னிக்கு ஏன்டி எழுந்து போனே? அந்தப் பையனா?"

"எந்தப் பையன்?" அவள் சிரித்துவிட்டாள். "யாரும் இல்ல அக்கா. சண்டையும் இல்ல. கணக்குகூட அவ்வளவு கஷ்டமா இல்ல. உட்கார முடியல. அவ்வளவுதான். அதை யார்கிட்டச் சொல்றது? ஒரு காரணம் இருந்தா நல்லா இருக்கும்னு நீங்க எல்லாரும் ஆளுக்கொண்ணு சொன்னீங்க. நானும் சரின்னு விட்டுட்டேன்."

மணியடித்தது.

வாய்மொழித் தேர்வைப் பார்க்க வெளியாள் உள்ளே போகலாம் என்று ரெஜிஸ் எப்போதோ சொல்லியிருந்தார். சபீன் என்னைப் பார்த்து, "வா. ஆனா பின்னாடி உக்காரு. என்னைப் பாக்காதே," என்றாள். தேர்வாளர் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் விட்டிருந்தார். காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கம்மியிருந்தது. நான் உள்ளே வரலாமா என்று கேட்டபோது புருவத்தை உயர்த்தினார், ஆனால் தலையசைத்தார். சபீன் உறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். தயார் செய்ய இருபது நிமிடம். எல்லோரும் மேஜையில் உட்கார்ந்து எழுத, இவள் சன்னல் திண்டில் தாளை வைத்து நின்றபடி எழுதினாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கழுவியும் மீன் வாடை போகாத கை.

"மதாம் தெல்பியேர், வாங்க. உட்காருங்க."

"நின்னுக்கட்டுமா, மதாம்? பலகையில எழுதறேன்."

"தாராளமா."

எக்ஸிலிருந்து நான்கைக் கழித்து, அதை எக்ஸின் லாக்கால் பெருக்கினால் வருவது எங்கே ப்ளஸ், எங்கே மைனஸ்? இதுதான் முதல் கேள்வி. சபீன் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு நீளக் கோடு இழுத்தாள். இடது முனையில் மைனஸ் முடிவிலி என்று எழுதினாள். கணிதம் எனக்குத் தெரியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை கப்பலில் அவள் விழுந்த குழி அதுதான் என்பது மட்டும் தெரியும்.

"மைனஸ் மூணுல என்ன ஆகும்?" என்றார் தேர்வாளர், மெதுவாக.

"மைனஸ் மூணுல..." சபீன் சுண்ணக்கட்டியை விரலுக்குள் உருட்டினாள். வாசல் பக்கம் ஓரடி வைத்தாள். அவள் பலகையின் மறுமுனைக்கு நடந்துவந்து, உள்ளங்கையாலேயே கோட்டின் இடது பாதியை அழித்தாள். "அங்க ஒண்ணுமே இல்ல, மதாம். லாக் கிடையாது. சைபருக்கு அப்புறம்தான் தொடங்கும்."

"நல்லது. மேல சொல்லுங்க."

ஒன்று, நான்கு என்று இரண்டு புள்ளி வைத்தாள். லாக் ஒன்றுவரை மைனஸ், பிறகு ப்ளஸ். மற்றது நான்குவரை மைனஸ், பிறகு ப்ளஸ். கீழே பெருக்கிய வரிசையில் எழுதினாள்: முதலில் ப்ளஸ், நடுவில் மைனஸ், கடைசியில் ப்ளஸ்.

"முதல்ல ப்ளஸ்ஸா? நிச்சயமா?"

"அரைன்னு வச்சுப் பாக்கறேன். அரையில நாலு போனா மைனஸ் மூணரை. அரையோட லாக் மைனஸ். ரெண்டு மைனஸ் பெருக்கினா ப்ளஸ்."

"அரையோட லாக் ஏன் மைனஸ்?"

"ஒண்ணைவிடக் கம்மி, மதாம்."

தேர்வாளர் எதையோ குறித்துக்கொண்டு இரண்டாவது கேள்வியைப் படித்தார். ஒரு ஏரியில் மீன் வருஷத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. எத்தனை வருஷத்தில் முதலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும்?

சபீன் வேகமாக எழுதினாள். வருஷத்துக்கு வருஷம் சைபர் புள்ளி எட்டால் பெருக்க வேண்டும். அது புள்ளி ஒன்றைவிடக் குறைய வேண்டும். இரண்டு பக்கமும் லாக் எடுத்தாள், வகுத்தாள், கணிப்பானைத் தட்டினாள். பத்து புள்ளி மூன்று வந்தது. 'வருஷம் பத்து புள்ளி மூன்றைவிடக் குறைவு' என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

தேர்வாளர் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு சபீனுக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பக்கம் நடந்தாள், அந்தப் பக்கம் நடந்தாள். காலையிலிருந்தே அவள் கழுத்தில் இருந்த சிவப்பு, கன்னத்துக்கு ஏறியது.

"இது தப்பு," என்றாள் திடீரென்று. "இதுபடி பாத்தா ஒரு வருஷம்கூடச் சரின்னு வருது. ஒரு வருஷத்துல ஏரி காலியாகுமா? பத்துப் பெட்டி மீன் இருந்தா ரெண்டு பெட்டிதானே போகும், எட்டு மிச்சம் இருக்குமே. இது தலைகீழா இருக்கு."

"தலைகீழா ஆனது எந்த வரியில?"

அவள் பலகைக்கு முகம் கொடுத்து நின்றாள். வரிகளை மேலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். விரல் வகுத்த வரியில் நின்றது.

"புள்ளி எட்டோட லாக்கால வகுத்தேன். புள்ளி எட்டு ஒண்ணைவிடக் கம்மி..." குரல் உயர்ந்தது. "அப்ப அது மைனஸ்! மைனஸால வகுத்தா குறி திரும்பணும். வருஷம் பத்து புள்ளி மூணைவிட *அதிகம்*. பதினொண்ணு. பதினோரு வருஷம், மதாம்."

"பதினொண்ணுதான்," என்றார் தேர்வாளர். அவர் உதட்டோரம் அசைந்தது போலிருந்தது. தேர்வாளர்கள் முகத்தில் எதையும் காட்டக் கூடாதாம். மூன்றாவது கேள்வியில் சபீன் ஒரு வரிகூட எழுத முடியாமல் நின்றாள். அதற்குள் நேரம் முடிந்தது.

முடிவு மாலை ஆறு மணிக்கு என்றார்கள். நடுவில் இருந்த ஆறு மணி நேரத்தை எப்படிக் கழித்தோம் என்று கேட்காதீர்கள். துறைமுகத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, பழைய நகரத்தின் மதில்மேல் ஒரு முழுச் சுற்று, பிறகு கடற்கரை. வழியில் ஒரு வண்டியில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினோம். நான் தின்றேன், அவள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடந்து கடைசியில் கடற்பறவைகளுக்குக் கொட்டினாள். "மூணாவது கேள்வி ஒண்ணுமே எழுதல. ஏழுதான் வரும் பாரு. ஏழு வந்தா பத்துப் புள்ளி. ரெண்டு குறையும்," என்று குறைந்தது இருபது முறை சொன்னாள். "எட்டு வரும்" என்று நான் இருபத்தோராவது முறை சொன்னபோது, "உனக்கென்ன தெரியும்?" என்று சண்டைக்கு வந்தாள். எனக்குக் கால் கொப்பளித்துவிட்டது.

பத்து வந்திருந்தது. இருபதுக்குப் பத்து. இருபத்தைந்து புள்ளி ஏறி, பெயருக்கு எதிரே 'தேர்ச்சி' என்று இருந்தது. அவள் பட்டியலைப் பார்த்தாள், முற்றத்தைச் சுற்றிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறையும் போனாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. ரெஜிஸுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர், "அட்டைப்பெட்டி மூடியை யார் தந்தாங்கன்னு அவளை மறந்துட வேணாம்னு சொல்லு," என்றார். பிறகு, "நான் கத்தினதுக்கு மன்னிக்கச் சொல்லு," என்றார். முப்பது வருஷத்தில் அவர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

வேலை உடனே கிடைக்கவில்லை. ஆலை வெளியிலிருந்து இரண்டு பேரை வரவழைத்துப் பார்த்தது. ஒருவன் மீன் வாடை தாங்காமல் மூன்றாம் நாளே போய்விட்டான். இன்னொருத்திக்குக் காலை நாலு மணி ஒத்துவரவில்லை. பிப்ரவரியில்தான் சபீனைக் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கோட்டும் தெர்மாமீட்டரும் கொடுத்தார்கள். என் பக்கத்து இடத்துக்கு ஒரு போலந்துப் பெண் வந்தாள்; நல்லவள், கால் ஆடாது.

மூன்றாவது வாரத்தில் சபீன் எங்கள் மேஜைக்கு வந்தாள். முகத்தில் உறவு என்ற ஒன்று தெரியவே இல்லை. என் பெட்டியில் தெர்மாமீட்டரைக் குத்தினாள். அடுத்த பெட்டியில் குத்தினாள். அதற்கடுத்ததிலும்.

"மூணு புள்ளி நாலு," என்றாள். "ரெண்டுக்கு மேல போகக் கூடாது. மூணு பெட்டியும் திரும்பப் போகுது."

"ஏய், ஐஸ் வண்டி லேட்டாயிடுச்சுடி. பத்து நிமிஷம்."

"எழுதிக்கிறேன். ஐஸ் வண்டி தாமதம். பெட்டி திரும்பப் போகுது."

"நான் உன் அக்காடி!"

"அதையும் எழுதணுமா?"

மேஜை முழுக்கச் சிரித்தது. நான் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு வந்து என் பெட்டியில் தெர்மாமீட்டரைக் குத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.